எழுப்பியது ஆளா, மணிக்கூடா

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். வேலை செய்வேன். திருகோணமலைத் துறைமுகக் கரையில் இருந்த ஒரு கந்தோரில், எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாதம் முழுக்க எனக்குக் கோபம். அந்த மாதம் செய்த வேலையைப்போல அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை.

அது ஒரு கிட்டங்கிக் கொம்பனி. கப்பலில் வரும் பயிர்ப் பசளையையும் சீனியையும் இறக்கி அடுக்கிவைத்து, விடிய லொறிகளில் ஏற்றி அனுப்புவது தொழில். நான் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தவள். பிறகு கொம்பனி ஒரு கொம்பியூட்டர் வாங்கியது. ஓர் அலுமாரி அளவில் ஒரு பெட்டி, பச்சை எழுத்துத் தெரியும் ஒரு திரை, ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு அடிக்கும் ஒரு பிரிண்டர். அதைப் படிக்க ஆளைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்ற கதை வந்ததும், கந்தோரில் இருந்த பெரிய உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வருத்தம் வந்தது. ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குக் கண். மிஞ்சியது நான். போனேன், படித்தேன், வந்தேன். ஏசி அறையில் திரைக்கு முன்னால் போட்ட கதிரையில் என்னை இருத்தினார்கள். சில்லுப் பூட்டிய, சுழலுகிற கதிரை. மனேஜருக்குக்கூட அப்படி ஒன்று இல்லை.

பிறகு சோதனை வந்தது. ஒவ்வொரு நாளும் விடிய லொறிகள் வந்து நிற்கும். எந்த லொறி எந்தக் கிட்டங்கிக்குப் போவது, தம்பலகாமத்துக்கு எத்தனை மூட்டை, கண்டி றோட்டால் போகிறவனுக்கு எத்தனை என்று ஒரு கடதாசி அடிக்கவேண்டும். லொறி ஒழுங்கு என்று அதற்குப் பெயர். அந்தப் புரோகிராமை எழுதியதும் நான்தான். முழுக் கணக்கையும் கூட்டிக் கழித்து முடிக்க அந்த மெசினுக்குச் சில மணித்தியாலம் பிடிக்கும். பகலில் மற்ற வேலைகள் இருந்தபடியால் இதை இரவில் ஓடவிடச் சொன்னார் மனேஜர். மெசினுக்குள் ஒரு மணிக்கூடு உண்டு. இத்தனை மணிக்கு இதைத் தொடங்கு என்று சொல்லிவிட்டால் தானே தொடங்கும். நானும் பின்னேரம் சொல்லி வைத்துவிட்டு உப்புவெளி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் பஸ்ஸால் இறங்கும்போதே லொறிக்காரர்களின் ஹோர்ன் சத்தம் கேட்டது. வாசலிலிருந்து வளைவு வரைக்கும் லொறி. ஒன்றுக்கும் ஒழுங்கு இல்லை. மனேஜர் ஏசி அறை வாசலில் நின்றார்.

"பிள்ளை, ராத்திரி முழுக்க இது என்ன செய்துகொண்டு இருந்தது?"

நான் திரையைப் பார்த்தேன். "கேள்வி கேட்டுக்கொண்டு இருந்திருக்கு, சேர்."

"ஆரிட்டை?"

"ஒருத்தரிட்டையும் இல்லை."

நடந்தது இதுதான். கணக்கைத் தொடங்க முன்னர் அந்தப் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும். முந்தின நாள் கணக்கின் மேல் புதுக் கணக்கை எழுதப்போகிறேன், சம்மதமா? ஓம் என்றால் ஓர் எழுத்தை அமத்தவேண்டும், இல்லை என்றால் இன்னொன்று. மறுமொழி வரும்வரை அசையாது. பகலில் நான் முன்னால் இருக்கும்போது அது நல்ல புத்தி. இரவில் ஆளில்லாத அறையில் அது அதே கேள்வியைக் கேட்டுவிட்டு விடியும்வரை காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அப்ப கேள்வியை எடுத்துவிடுமன்," என்றார் மனேஜர்.

"எடுத்தா, பகலில ஆரும் தவறி ஓடவிட்டாலும் முதல் நாள் கணக்கு அழிஞ்சுபோகும், சேர். பிறகு கிட்டங்கியில என்ன கிடக்குதெண்டு மூட்டையை எண்ணித்தான் பாக்கவேணும்."

"அப்ப ராத்திரியில ஓர் ஆள் இருந்து அமத்தவேணும்."

"நான் இருக்கிறன்."

"நீர் எப்பிடி இருப்பீர்? பொம்பிளைப் பிள்ளையள் ராத்திரி வேலைக்கு நிக்க ஏலாது."

அதைச் சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார். சில கடதாசிகளில் கையெழுத்து வாங்க நானும் பின்னால் போனேன். நான் மேசைக்கு முன்னால் நிற்கும்போதே கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். "கொம்பியூட்டருக்கு ஓர் ஆம்பிளையை அனுப்புங்கோ. இஞ்ச ஒருத்தரும் இல்லை," என்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது. ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, அடுத்த மாதம் முதலாம் திகதி ஆள் வருவார் என்றும், நான் பழையபடி டைப் அடிக்கப் போகலாம் என்றும் சொன்னார். கெட்ட மனுசன் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். "டைப் அடிக்கிறதும் உத்தியோகம்தானே பிள்ளை. ஏன் முகத்தை நீட்டி வைச்சிருக்கிறாய்?" என்றார்.

"அது என்ரை கதிரை, அம்மா."

"கதிரைக்கு அழுகிறாளாம்," என்று சிரித்துவிட்டுக் குசினிக்குள் போனார். நான் அழவில்லை. அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன். கேள்வியும் இருக்கவேண்டும், இரவில் ஆளும் தேவைப்படக்கூடாது. தனக்கு முன்னால் ஆள் இருக்கிறதா, தான் தனியே ஓடுகிறதா என்று அந்தப் புரோகிராமுக்கே தெரியவேண்டும். ஆள் இருந்தால் கேட்கட்டும். இல்லாவிட்டால் கேட்காமல் தன் பாட்டில் வேலையைப் பார்க்கட்டும். முதலாம் திகதிக்கு முன் அதைச் செய்து முடிப்பேன்.

அதுவரை, கணக்கின் மேல் கணக்கு எழுதப்பட்டாலும் பழையது மிஞ்சும்படி ஒரு பிரதியை நாளாந்தம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். இரவு தவறினால் விடிய கையால் ஒழுங்கு எழுதினோம். லொறிக்காரர்கள் எங்கள் அப்பன் பாட்டன் எல்லாரையும் இழுத்துத் திட்டினார்கள்.

முதலில் எனக்குத் தோன்றியது எல்லாருக்கும் தோன்றக்கூடிய வழிதான். கேட்டுப் பார். பத்து நிமிடம் பொறு. மறுமொழி வந்தால் ஆள் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. ஆள் காதில் விழட்டும் என்று ஒரு மணிச் சத்தத்தையும் சேர்த்தேன். பகலில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரவுக்கு வைத்துவிட்டுப் போனேன். விடிய வந்து பார்த்தால் லொறி ஒழுங்கு இல்லை. பிழையான எழுத்தை அமத்தினால் 'ஓமா, இல்லையா' என்று திரும்பக் கேட்கும் இரண்டாவது கேள்வியில் புரோகிராம் நின்றுகொண்டிருந்தது. முதலாவது கேள்விக்கு யாரோ மறுமொழி சொல்லியிருந்தார்கள்; ஆகவே ஆள் இருக்கிறது என்று நம்பி விடியும்வரை பொறுத்திருக்கிறது.

இரவுக் காவலுக்கு ஒரு முஸ்லிம் மனுசர் இருந்தார்; அண்ணன் என்கிற மாதிரி அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். கிண்ணியாவிலிருந்து, ஆக்களை அக்கரைக்கு ஏற்றி இறக்கும் பாதைப் படகில் வந்து போகிறவர். எங்கள் ஏசிப் பெட்டி ஒழுகும். கீழே ஒரு வாளி வைத்திருந்தோம். அது நிரம்ப நிரம்ப ஊற்றுவது அவர் பொறுப்பு. வீட்டுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தவரை மறித்துக் கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, நான்தான்," என்றார். "தண்ணி ஊத்த வந்தன். மணி அடிச்சி அடிச்சி அது கூப்பிட்டுக்கொண்டே கிடந்திச்சு. ஒருத்தர் கூப்பிட்டாப் பதில் சொல்லாம நிக்க ஏலுமா? ஒரு பொத்தானை அமத்திவிட்டன்."

"எந்தப் பொத்தான், காக்கா?"

"எனக்கென்ன தெரியும். பெரிசா இருந்திச்சு. மரியாதையாத்தான் அமத்தினன்."

அவரை என்ன சொல்வது. எங்கள் பக்கத்தில் படலைக்கு வெளியே நின்று யாராவது கூப்பிட்டால், வீட்டுக்காரர் வெளியே போயிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரராவது "ஆக்கள் இல்லை, பிறகு வாங்கோ" என்று குரல் கொடுப்பார்கள். ஒருவரை வாசலில் கத்தவிட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவமரியாதை. அதைத்தான் அந்த மனுசன் செய்திருக்கிறார். இனி மணி அடித்தாலும் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அது பாவமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே பகலில் அதன் மறுபக்கமும் நடந்தது. கணக்கை ஓடவிட்டுவிட்டு, கேள்வி வர முன்னர் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கன்ரீனில் கதை நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் பத்து நிமிடம் முடிந்து, ஆள் இல்லை என்று அதுவே முடிவு கட்டி, கணக்கின் மேல் எழுதத் தொடங்கிவிட்டது. பிரதி இருந்தபடியால் தப்பினேன். யோசித்துப் பார்த்தால் அதிலும் புதுமை இல்லை. ஆம்பிளை இல்லாத எங்கள் வீட்டுப் படலையில் தெரியாத குரல் கேட்டால் அம்மா மூச்சுக்கூட விடமாட்டார். சத்தம் வரவில்லை என்பதற்காக வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தமா? கேட்டுப் பார்த்து அறிகிற வழி சரிவராது என்று அத்தோடு விட்டேன்.

இரண்டாவது வழியைச் செருப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். தூசி ஆகாது என்று ஏசி அறைக்கு வெளியே எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கதவுக்கு வெளியே செருப்புக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கூப்பிடத் தேவையில்லை. மெசினிலும் அப்படி ஒன்று உண்டு. திரையில் வேலை செய்ய வருகிறவர் தன் பெயரையும் இரகசியச் சொல்லையும் கொடுத்துத்தான் உள்ளே நுழையவேண்டும். போகும்போது வெளியேறவேண்டும். அந்த நேரத்தில் திரையில் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று மெசினைக் கேட்டால் அது சொல்லும். ஆகவே புரோகிராம் முதலில் செருப்பைப் பார்க்கட்டும் என்று எழுதினேன்.

நன்றாக ஓடியது. விடிய வந்தால் லொறி ஒழுங்கு மடிப்பு மடிப்பாகப் பிரிண்டருக்குக் கீழே கிடக்கும். லொறிகள் சத்தமில்லாமல் வந்து ஏற்றிக்கொண்டு போயின. மனேஜரிடம் போய்ச் சொன்னேன். "பாப்பம்," என்றார். ஆனால் ஆள் வேண்டாம் என்று கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கவில்லை.

நான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய கிழமையே அது விழுந்தது. மறுபடியும் ஹோர்ன், மறுபடியும் அதே கேள்வி திரையில் நின்றுகொண்டிருந்தது. பார்த்தேன். திரையில் மனேஜரின் பெயர் நுழைந்தபடி கிடந்தது.

"சேர், நேற்று நான் போன பிறகு ஆருக்கும் மெசினைக் காட்டினீங்களோ?"

"ஓம். மச்சான் வந்தவர். காட்டினனான்."

"போகேக்க வெளியேறாமல் போயிட்டீங்கள். அதாலை ஆள் இருக்கெண்டு நினைச்சு அது காத்துக்கொண்டு நிண்டிருக்கு."

அவருக்கு முகம் சிவந்தது. "நான்தான் போயிட்டனே பிள்ளை. நான் இல்லையெண்டு அது அறியவேண்டாமோ? இதைத்தான் நான் சொல்லுறது. ஆம்பிளை ஆள் ஒருத்தர் இருந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை."

கடைசியில் சொன்னது அநியாயம். முதலில் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிறவன் இருக்கத்தான் செய்வான். ஆகவே புரோகிராம் அறையைப் பார்த்துப் பயன் இல்லை. அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முதலாம் திகதிக்கு ஒரு கிழமைகூட இல்லை. கையில் ஒரு வழியும் இல்லை.

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டைப் அடிக்கும் மேசைப் பக்கம் திரும்பாமலே நடந்தேன். டைப் அடிப்பது குறைந்த வேலை என்பதல்ல. அந்த மேசையில் மற்றவர் எழுதியதை நான் அடிப்பேன். இந்தக் கதிரையில் நான் எழுதியதை மெசின் செய்யும். அந்த ருசியைக் கண்டபின் திரும்பிப் போகச் சொன்னால் எப்படிப் போவது?

ஒரு விடியற்காலை, வழக்கமாக என்னை எழுப்புகிற மணிக்கூடு அடிக்க முன்னரே அம்மா கூப்பிட்டார். "பிள்ளை, எழும்பிட்டியோ?" "ஓம் அம்மா," என்றேன். கொஞ்ச நேரத்தில் மணிக்கூடும் அடித்தது. அதன் தலையில் தட்டி நிறுத்தினேன். தட்டிய கை அப்படியே நின்றது. அம்மா எழுப்பினால் மறுமொழி சொல்லவேண்டும். மணிக்கூடு எழுப்பினால் அதற்கு யாரும் மறுமொழி சொல்வதில்லை. எழுப்பியது ஆளா மணிக்கூடா என்பதை அறிய நான் வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தேவையில்லை. எழும்புகிறபோதே எனக்குத் தெரியும். புரோகிராமுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். அறையில் யார் இருக்கிறார்கள் என்று அதை ஏன் கேட்கிறேன்? உன்னை எழுப்பியது யார் என்றல்லவா கேட்கவேண்டும்.

முகத்தைக் கழுவிய கையோடு பஸ் ஏறினேன். பிட்டைக் கட்டித் தந்த அம்மா "கதிரை ஓடிப்போயிடுமோ?" என்று கேட்டது காதில் விழுந்தது, நான் நிற்கவில்லை.

ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். அதற்கு வேறு வேலை இல்லை. தன்னைப் பற்றி மெசின் வைத்திருக்கிற விபரம் அத்தனையையும் கடதாசியில் அடிக்கவேண்டும், அவ்வளவுதான். அதை முதலில் திரையிலிருந்து கையால் ஓடவிட்டேன். ஒரு கடதாசி வந்தது. பிறகு மத்தியானத்துக்கு மணிக்கூட்டில் வைத்துவிட்டுக் கன்ரீனுக்குப் போகாமல் வெளி விறாந்தையில் நின்றேன். பிரிண்டர் உள்ளே அடித்தது. இன்னொரு கடதாசி. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிமட்டத்தை நகர்த்தி நகர்த்தி வரி வரியாகப் பார்த்தேன். பெயர் ஒன்றே, அளவு ஒன்றே. நேரத்தில் வித்தியாசம், அது இருக்கத்தானே வேண்டும். கடைசிப் பக்கமாக ஒரு வரி. கையால் ஓடியதில் அந்த இடத்தில் எங்கள் திரையின் இலக்கம் இருந்தது. மணிக்கூடு ஓடவிட்டதில் அதே இடத்தில் பூச்சியம்.

உடனே நம்பவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை பட்டவள். திரையில் என் பெயரை நுழைத்து அப்படியே விட்டேன். பின்னேரம் வேலைக்கு வந்த காக்காவைக் கதிரையில் இருத்தினேன். அவருடைய செருப்பும் என்னுடைய செருப்பும் கதவடியில் கிடந்தன. மணிக்கூட்டில் வைத்தேன். அடித்தது. பூச்சியம். ஆள் கதிரையில் இருக்கிறது, செருப்பு வாசலில் இருக்கிறது, ஆனால் தன்னை எழுப்பியது அவர் இல்லை என்று அதற்குத் தெரிகிறது.

"நான் எதையாவது அமத்தவா, தங்கச்சி?" என்றார் காக்கா.

"விரும்பினதை அமத்துங்கோ, காக்கா."

அவர் சந்தோசமாக அமத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

மிச்ச வேலை சின்னது. பூச்சியம் என்றால் பிரதி எடு, கேட்காதே, ஓடு. திரை இலக்கம் இருந்தால் கேள், எவ்வளவு நேரமானாலும் பொறு. பத்து நிமிடக் கதையைத் தூக்கி எறிந்தேன். மணியையும் எடுத்துவிட்டேன். அடுத்த நாட்கள் எல்லாம் லொறி ஒழுங்கு நேரத்துக்கு அடித்துக் கிடந்தது. வேண்டுமென்றே திரையில் பெயரை விட்டுவிட்டுப் போனேன், அப்போதும் அடித்துக் கிடந்தது. மனேஜரிடம் நான் போய்ச் சொல்லவில்லை. முதலாம் திகதி வரட்டும் என்று இருந்தேன்.

வந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் இளம் ஆள், நல்ல மனுசன்போலத்தான் இருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மனேஜரும் கூட வந்தார். கடதாசி கீழே மடிந்து கிடந்தது. வெளியே லொறிகள் ஏற்றிக்கொண்டிருந்தன.

"ராத்திரி ஆர் நிண்டது?" என்று மனேஜர் கேட்டார்.

"ஒருத்தரும் நிக்கேல்லை, சேர். மூண்டு நாலு நாளா ஒருத்தரும் நிக்கேல்லை. இனியும் ஆள் தேவையில்லை."

அவர் கடதாசியை எடுத்துப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, நான் எதிர்பாராத கதை ஒன்றைச் சொன்னார். பகிடியாகச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அப்ப சரி. ஆளில்லாமலே ஓடுதெண்டா, இந்தக் கதிரைக்கே ஆள் தேவையில்லைப் போலக் கிடக்கு. உம்மை ஏன் இதிலை வைச்சிருப்பான்?"

கொழும்பிலிருந்து வந்தவர் நிலத்தைப் பார்த்தார். ஒரு மாதம் பாடுபட்டு என்னை நானே தேவையில்லாதவள் ஆக்கிக்கொண்டேனா? கதிரையை இழுத்து இருந்தேன். அதே புரோகிராமை, என் கையால், திரையிலிருந்து ஓடவிட்டேன்.

அது ஓடவில்லை. நின்றது. முந்தின நாள் கணக்கின் மேல் எழுதப்போகிறேன், சம்மதமா என்று பச்சை எழுத்தில் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

"இதென்ன, இப்ப ஏன் நிக்குது?" என்றார் மனேஜர்.

"ராத்திரி ஆள் இல்லை எண்டு அதுக்குத் தெரியும், சேர். அதாலை கேக்கேல்லை. இப்ப நான் இருக்கிறன். அதாலை கேக்குது."

அவர் குனிந்து திரையை வாசித்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க அது அசையாமல் நின்றது. அந்தக் கந்தோரில் என்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டேன் என்று நின்றது அது ஒன்றுதான். அவர்கள் வாசித்து முடிக்கும்வரை நானும் அதைக் காக்க வைத்தேன். பிறகு இல்லை என்பதற்கான எழுத்தை அமத்தினேன். நிறுத்திவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்தது.

மனேஜர் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், திறந்த கதவால், அவர் கொழும்புக்கு ரெலிபோன் எடுப்பது கேட்டது. வந்த தம்பியைக் கிட்டங்கிக் கணக்குக்குப் போடுகிறேன் என்று சொன்னார். மறுபக்கத்தில் ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

"கொம்பியூட்டருக்கோ?" என்றார். "இஞ்ச ஆள் இருக்கு."